தொடை எலும்பின் கழுத்தில் ஒரு குழி: வளைகுடாக் கல்லறைகளும் எலும்பு வாசிப்பும்

எமது சஞ்சிகைகளில் எலும்பு பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அது பெரும்பாலும் மண்டையோடு பற்றிய பேச்சாகவே இருந்து வந்திருக்கிறது. 1900ஐ அண்டிய ஆண்டுகளில் அலெக்சாந்தர் றீ ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த மண்டையோடுகளை 1930இல் சக்கர்மன் அளந்து இனவகைகளில் அடுக்கினார். அன்றிலிருந்து, 'நாம் யார்' என்ற கேள்விக்கு மண்டையோட்டின் நீள அகலத்தில் விடை தேடும் பழக்கம் தமிழரிடமும் தமிழரை மறுப்போரிடமும் ஒரே அளவில் தொடர்கிறது. அந்த விவாதத்தில் நான் சேரப்போவதில்லை. நான் எழுத முனைவது எவரும் கொடி ஏற்றாத ஒரு எலும்பைப் பற்றி. அது தொடை எலும்பு. அதிலும் அதன் கழுத்தின் முன்பக்கத்தில் ஒரு பெருவிரல் நுனி மறைக்கக்கூடிய சிறு இடத்தைப் பற்றி.

நான் வரலாற்றாளன் அல்ல. ஊரில் விலங்கியல் கற்பித்தவன். 2010 முதல் ஷார்ஜாவின் கைத்தொழிற் பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அலுமினியச் சட்டங்களை வெட்டும் இயந்திரத்தின் முன் நிற்கிறேன். (இங்கே 'அகதி' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் எமிரேட்ஸ் ஒப்பமிடவில்லை. விசா இருக்கும்வரை தொழிலாளி. விசா முடிந்தால் எதுவுமில்லை.) லீவு நாட்களில் ஷார்ஜாவின் தொல்பொருட்சாலைக்குப் போவது என் பழக்கம். அங்கே ஜெபல் அல் புஹைஸ் பற்றிய பகுதியின் முன் நான் கழித்த மணித்தியாலங்களின் விளைவே இக்கட்டுரை.

புஹைஸ் என்பது ஷார்ஜாவின் உள்நிலப் பகுதியில், மெலீஹாவுக்கும் அல் மதாமுக்கும் அண்மையில் உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் ஒரு காலத்தில் ஊற்று ஒன்று இருந்திருக்கிறது. அதனருகே, கி.மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டில் ஆடுமாடு மேய்த்த மக்கள் தம் இறந்தோரைப் புதைத்தார்கள். ஜேர்மனியின் ரியூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ்-பீற்றர் உவெர்ப்மன், மார்கரெத்த உவெர்ப்மன் ஆகியோர் ஷார்ஜாவின் தொல்லியல் பிரிவோடு சேர்ந்து 1990களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே அகழ்ந்தார்கள். 500க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. அவற்றை ஆராய்ந்தவர் ஹென்றிக்க கீஸ்வெற்றர். சிலர் இறந்த இடத்திலேயே புதைக்கப்படாமல், எலும்பாகிய பின் கொண்டுவரப்பட்டு இங்கே இரண்டாம் முறை புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஊரைவிட்டு வெளியே செத்தவனை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வழக்கம் ஏழாயிரம் ஆண்டுப் பழமையானது என்று அறிந்தபோது எனக்குள் எழுந்ததை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

உவெர்ப்மன் குழுவினரின் கருத்துப்படி இம்மக்கள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறியவர்கள். குளிர்காலத்தில் கடற்கரை, பின் புஹைஸ் ஊற்று, வெப்பம் ஏற ஏற மலைகள். இதைப் படித்த அன்றிரவு நான் என் கொப்பியில் எழுதிவைத்த வரி இது: 'மலை ஏறி இறங்கியவர்கள், ஆகவே தொடை எலும்பின் கழுத்தில் குழி இருக்கும்.' அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நான் அந்த எலும்புகளின் கழுத்தைப் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவை மணிகளும் சிப்பிகளும் விளக்கப் பலகைகளுமே. எங்கோ படித்த ஒரு விளக்கத்தை, பார்க்காத எலும்பின்மேல் ஏற்றிவிட்டேன். இது என் ஒருவனின் தவறு மட்டுமல்ல என்பதைக் காட்ட, அந்த விளக்கம் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

தொடை எலும்பின் மேல்முனையில் உருண்டைத் தலை இருக்கிறது. அது இடுப்பெலும்பின் கிண்ணக்குழிக்குள் பொருந்துகிறது. தலையைத் தண்டோடு இணைப்பது கழுத்து. தலையைக் கசியிழையம் மூடியிருக்கும். கழுத்தை மூட்டுறை சுற்றியிருக்கும். தலை முடிந்து கழுத்துத் தொடங்கும் அந்த விளிம்பின் முன்பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்குத் தலையின் வழுவழுப்பான மூட்டுப்பரப்பு விளிம்பைத் தாண்டிக் கழுத்தின்மேல் ஒரு நாக்குப்போல நீளும். இதற்குப் பிரெஞ்சு உடற்கூற்றாளர் போல் புவாரியேயின் பெயரால் 'புவாரியே முகப்பு' என்று பெயர். சிலருக்கு அதே இடத்தில், கசியிழையத்தோடு தொடர்பில்லாமல், கழுத்தின்மேல் பூசிவிட்டதுபோல் விளிம்புகட்டிய எலும்புப் படிவு ஒன்று இருக்கும். இதைத் 'தகடு' என்கிறார்கள். வேறு சிலருக்கு மேற்பரப்பு அரிக்கப்பட்டு உள்ளேயுள்ள பஞ்சு எலும்பு தெரியும்படி ஒரு பள்ளம். 1882இல் பிலடெல்பியாவின் ஹரிசன் அலன் இதை விவரித்ததால் 'அலன் குழி'. இன்னும் சிலருக்குப் பள்ளமில்லை, ஊசிகுத்தியதுபோல் சல்லடைத் துளைகள் மட்டும்.

நான்கும் நான்கு விதமானவை. முதலாவது மூட்டுப்பரப்பின் நீட்சி, இரண்டாவது மேலே சேர்ந்தது, மூன்றாவது உள்ளே குறைந்தது, நான்காவது துளைத்தது. ஒரு மாணவனுக்குக் கரும்பலகையில் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆனால் அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் 'முகப்பு' என்றதை மற்றவர் 'தகடு' என்றார். குழியைச் சுற்றித் தகடு இருந்தால் இரண்டையும் சேர்த்து 'பதிவு' என்றார் இன்னொருவர். 1931இல் ஒட்ஜர்ஸ் மேடு வேறு, பதிவு வேறு என்று பிரிக்க முயன்றார். 1964இல் ஏஞ்செல் எல்லாவற்றையும் சேர்த்துக் 'கழுத்தின் எதிர்வினைப் பகுதி' என்று ஒரே கூடையில் போட்டார். 1978இல் ஃபினகன் மீண்டும் மூன்றாகப் பிரித்து வரையறை தந்தார். அதன்பின் வந்தவர்கள் ஃபினகனை மேற்கோள் காட்டிக்கொண்டே தத்தம் விருப்பப்படி எண்ணினார்கள்.

பெயர்க் குழப்பத்தோடு சேர்ந்து காரணக் குழப்பமும் வளர்ந்தது. இங்கேதான் எங்களுக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒருவர் வருகிறார். 1890களில் லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்த ஹவ்லொக் சார்ள்ஸ். பஞ்சாபிகளின் கால் எலும்புகளை வெட்டுமேசையில் ஆராய்ந்த அவர், அவற்றில் ஐரோப்பியரிடம் அரிதான முகப்புகளைக் கண்டார். காரணம் அவர்கள் குந்தி இருப்பவர்கள், சப்பாணி கட்டுபவர்கள் என்றார். நல்ல அவதானம். அதுவரை மேலைத்தேய உடற்கூற்றியல் 'மனித எலும்பு' என்று வரைந்தது கதிரையில் அமர்பவனின் எலும்பையே என்பதை அவர் அறியாமலே காட்டிவிட்டார். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. 1894இல் எழுதிய கட்டுரையில், வாழ்நாளில் பெற்ற இயல்பு பரம்பரையாகக் கடத்தப்படுமா என்ற அக்காலப் பெருவிவாதத்துக்குள் இந்த எலும்புகளை இழுத்துச் சென்றார். பிறந்து ஒருநாளும் குந்தியிராத பஞ்சாபிக் குழந்தையின் எலும்பிலும் அந்த அடையாளம் உண்டு என்பது அவர் வாதம். ஒரு மனிதன் இருக்கும் விதம், ஒரே தாண்டலில், ஒரு இனத்தின் இயல்பாகிவிட்டது. காலனித்துவ அறிவின் வேகம் அப்படி. அந்த மேசையில் கிடந்தவர்களின் பெயர்களோ தொழிலோ அவருக்குத் தேவைப்படவில்லை.

சார்ள்ஸுக்குப் பின் ஒவ்வொருவரும் தத்தம் முன்னால் இருந்த மக்களின் நடையுடையைப் பார்த்து ஒரு காரணம் சொன்னார்கள். குந்துதல் என்றார் ஒருவர். காலைப் பின்னோக்கி முழுவதும் நீட்டும்போது மூட்டுறையின் இறுகிய பகுதி கழுத்தில் அழுத்துவது என்றார் இன்னொருவர். சரிவில் இறங்கி நடப்பவருக்கு இது கூடும் என்ற விளக்கமும் இவ்வழியிலேயே வந்தது. என் கொப்பியில் ஏறியது இதுவே. 1963இல் கொஸ்ரிக் மேற்கு நைஜீரியத் தொடை எலும்புகளின் முகப்புகளையும் பதிவுகளையும் விரிவாக எழுதினார். 1994இல் மொலிசனும் புளொண்டியோவும் ஈராக்கின் கிஷ் நகரத்து எலும்புகளைச் 'சவாரி செய்தோரின் எலும்புகள்' என்று வாசித்தார்கள்.

குந்துபவன், மலை இறங்குபவன், குதிரை ஏறுபவன் என மூவருக்கும் ஒரே இடத்தில் அடையாளம் விழுமானால் அந்த அடையாளத்தைக் கொண்டு எவனை அடையாளம் காண்பது? அதைவிடக் கடினமான கேள்வி: மூவரும் ஒரே அடையாளத்தைத்தான் பார்த்தார்களா?

2013இல் பொலோஞாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றாடியும் அவரது தோழர்களும் செய்தது எளிமையான ஒரு வேலை. வயதும் பாலும் பதிவில் உள்ள அண்மைக்கால இத்தாலியரின் எலும்புத் தொகுதி ஒன்றை எடுத்து, கழுத்தின் ஒவ்வொரு தோற்றத்தையும் தனித்தனியே வரையறுத்து, படங்களோடு தரப்படுத்தி, ஒருவர் எண்ணுவதை மற்றவரும் எண்ணக்கூடியதாக ஆக்கினார்கள். பெரும்பான்மையான தொடை எலும்புகளில் இவற்றில் ஏதாவதொன்று இருந்தது. சாதாரண நகரவாசிகளிடம் இவ்வளவு பரவலாக உள்ள ஒன்றை இனி எவரும் சவாரிக்காரனின் முத்திரை என்று இலகுவாகச் சொல்லிவிட முடியாது. சல்லடைத் துளைகள் வயது கூடக் குறைந்தன. அதாவது அவை தொழிலைவிட வளர்ச்சியோடு அதிகம் தொடர்புடையவையாக இருக்கலாம். 2021இல் கோரிங் என்ற ஆய்வாளர் அலன் குழி பற்றிய ஒரு கட்டுரையை இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சி என்றே தலைப்பிட்டு வெளியிட்டார். அலன் எழுதி 139 ஆண்டுகளுக்குப் பிறகும் 'எது எது' என்று வகுக்கவே ஒரு கட்டுரை தேவைப்பட்டிருக்கிறது.

தோழர்கள் சிலர் இதைக் கேட்டால், இது மயிர் பிளக்கும் வேலை, இதில் அரசியல் எங்கே என்பார்கள். வளைகுடாவின் கல்லறைகளுக்குப் போனால் அது தெரியும்.

1959இல் டென்மார்க்கின் குளொப், பிபி ஆகியோர் தலைமையிலான குழு அபுதாபிக்கு அருகிலுள்ள உம் அந்-நார் தீவில் வட்டமான கற்கல்லறைகளை அகழத் தொடங்கியது. கி.மு. 2000க்கு முந்திய சில நூற்றாண்டுகளின் பண்பாடொன்று அத்தீவின் பெயரால் அழைக்கப்படலாயிற்று. அல் ஐனின் ஹிலி, றாஸ் அல் கைமாவின் ஷிமல், மெலீஹா என்று இக்கல்லறைகள் பரந்து கிடக்கின்றன. இவை தனியாள் கல்லறைகள் அல்ல. தலைமுறை தலைமுறையாக ஒரே அறைக்குள் பிணங்கள் வைக்கப்பட்டன. முன்னவரின் எலும்பை ஒதுக்கிவிட்டுப் பின்னவர் வைக்கப்பட்டார். 1989 முதல் டானியல் பொட்ஸ் அகழ்ந்த தெல் அப்றக்கின் ஒரே கல்லறைக்குள் 300க்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஏறக்குறைய எல்லோருடைய எலும்பும் எல்லோருடையதோடும் கலந்து கிடந்தது.

இப்படியான இடத்தில் முதற்கேள்வி எத்தனை பேர் என்பதே. எலும்பின் ஒரு குறித்த பகுதியை, உதாரணமாக இடது தொடை எலும்பின் மேல்முனையை, தேர்ந்து அதையே எண்ணுவார்கள். ஒருவருக்கு ஒரு இடதுதொடைதானே. அதன்பின் வரும் கேள்விகளில்தான் வரையறை கழுத்தைப் பிடிக்கிறது. பத்து இடதும் பத்து வலதும் கிடைத்து, அவற்றில் ஆறில் குழி இருந்தால், அது மூன்று மனிதரா, ஆறு மனிதரா? சோடி சேர்க்க முடியாத இடத்தில் விடை இல்லை. தனியே கிடக்கும் தொடை எலும்பு ஆணினதா பெண்ணினதா என்பதைத் தலையின் பருமனைக் கொண்டு ஊகிக்கலாம். நடுத்தரப் பருமன்களில் ஊகமும் கைவிடும். கழுத்தின் முன்பக்க எலும்பு மெல்லிய ஓடு. உப்பு மண்ணும் வெப்பமும் பூச்சியும் நாலாயிரம் ஆண்டில் அதை அரித்தால் அலன் குழிபோலவே தோன்றும். விளிம்பு உருண்டு திரண்டிருக்கிறதா, கூராக உடைந்திருக்கிறதா, உள்ளே வெளிறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் உயிரோடு இருந்தபோது வந்ததையும் செத்தபின் வந்ததையும் பிரிக்க வேண்டும். இவற்றையெல்லாம் கடந்து 'இம்மக்கள் குந்தியிருந்து வேலை செய்தவர்கள்' என்று ஒரு விளக்கப் பலகை எழுதப்படுமானால், அது எத்தனை தாண்டல்களின் பின் எழுதப்பட்டது என்று பார்வையாளனுக்குத் தெரியாது.

எலும்பு எதையும் சொல்லாது என்பது என் கருத்தல்ல. அதே தெல் அப்றக் கல்லறையில் ஏறக்குறையக் குலையாமல் கிடைத்த ஒருத்தி, இருபது வயதை எட்டும் பெண், இதற்கு எதிர்ச்சாட்சி. டெப்ரா மார்ட்டினும் அவரது குழுவினரும் அவளுடைய எலும்புகளில் நரம்புத்தசை நோயொன்றின் அடையாளங்களைக் கண்டனர். இளம்பிள்ளைவாதமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. நடமாட இயலாத அவளைப் பலர் பராமரித்திருக்க வேண்டும். பற்கள் சூத்தையாகியிருந்தன, பேரீச்சம்பழத்தை நிறையக் கொடுத்திருக்கலாம் என்கிறார்கள். இந்த வாசிப்பை நான் நம்புகிறேன். காரணம் எளிது. இது ஒரே உடலின் பல எலும்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது. சிரியாவின் அபு ஹுரைறாப் பெண்கள் முழந்தாளிட்டுத் தானியம் அரைத்தவர்கள் என்று மொலிசன் வாசித்ததும் இவ்வகையே. கால்விரலும் முழங்காலும் முதுகும் சேர்ந்து பேசின. அரைக்கும் கல்லும் அங்கேயே கிடந்தது. ஒரே குழியை வைத்து ஒரு வாழ்க்கையை எழுதுவது வேறு விடயம்.

பஹ்ரெய்னில் 21 இடங்களில் 11,774 புதைமேடுகளை 2019இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அத்தீவின் பிற்காலப் புதைகுழிகளின் எலும்புகளைப் பற்றி ஜூடித் லிட்டில்ற்றன் 1998இல் ஒரு நூலே எழுதினார். வளைகுடா முழுவதும் பெட்டிகளில் இருக்கும் தொடை எலும்புகள் ஒருநாள் ஒரே வரையறையின்கீழ் மீண்டும் எண்ணப்படுமானால் நாம் இன்று சொல்பவற்றில் பல நிற்கலாம், பல விழலாம்.

எங்கள் பக்கத்துக்கும் இது பொருந்தும். பொம்பரிப்பின் தாழிகளில் 1970இல் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர்களில் ஒருவரான கெனத் கெனடியே, தொழில் எலும்பில் விடும் தடயங்கள் பற்றி 1989இல் ஒரு நீண்ட தொகுப்புக் கட்டுரையை எழுதியவர். பலாங்கொடை மனிதனை ஆராய்ந்தவரும் அவரே. ஆனால் நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது யார் முன்னே வந்தார் என்ற சண்டைக்கு உதவும் வரிகளை மட்டுமே. அந்த மனிதர்கள் என்ன சுமந்தார்கள், எப்படி இருந்தார்கள், எங்கே நொந்தது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தமிழனா சிங்களவனா என்ற கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றியிருக்கும்.

இறுதியாக என் சொந்தக் கழுத்தைப் பற்றி. நின்ற நிலையில் வேலை செய்து வலது இடுப்பில் நோவு வந்தபோது இங்கே ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கேரளத்து வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, தொடை எலும்பின் கழுத்தில் ஒரு சிறு வட்டத்தைக் காட்டி, 'இதைப் பற்றிக் கவலை வேண்டாம், பலருக்கு இருக்கும்' என்றார். 1982இல் பிற் என்பவரும் அவரது சகாக்களும் எக்ஸ்ரேயில் விவரித்து வேறொரு பெயரிட்ட குழி அது. அலன் குழியும் இதுவும் ஒன்றே என்போரும் உண்டு, வெவ்வேறு என்போரும் உண்டு. நான் இருபது வயதுவரை குந்தியிருந்து வளர்ந்தவன். அதன்பின் கதிரையில் இருந்து படித்தவன், கரும்பலகையின் முன் நின்றவன், இப்போது இயந்திரத்தின் முன் நிற்பவன். இந்தக் குழி எந்தக் காலத்துக்குரியது? எனக்கே தெரியாது. நாளை என் எலும்பைத் தோண்டுபவன் 'மலை இறங்கியவன்' என்று எழுதினால் மறுக்க நான் இருக்கமாட்டேன். யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது?

ஆனால் அந்தப் படம் இன்னொரு வேலை செய்யும். 2018இல் மன்னார் நகரில் தோண்டிய 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எக்காலத்தவை என்ற கேள்வி வந்தது. அமெரிக்க ஆய்வுகூடமொன்று ஆறு மாதிரிகளைச் சோதித்து 15 முதல் 17ஆம் நூற்றாண்டுவரை என்றது. அந்த முடிவை ஏற்காதோரும் இருக்கிறார்கள். 2025இல் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அங்கே கேட்கப்படும் கேள்வி இனமோ தொழிலோ அல்ல; இது யார் என்பதே. எலும்பில் உள்ள குழியையும் மேட்டையும் உயிரோடு இருந்தபோது எடுத்த எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு ஆளை இனங்காண்பது தடயவியலில் நடைமுறையில் உள்ள முறை. ஒரு கூட்டத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லமுடியாத அதே குழி, அதன் வடிவமும் இடமும் துல்லியமாகப் பதியப்பட்டிருந்தால், ஒரு தனி மனிதனைச் சுட்டிக்காட்டக்கூடும். அப்போதும் 'குழி', 'தகடு', 'துளை' என்பவற்றை மாற்றி எழுதாத ஒரு கை வேண்டும். காணாமற்போனவர்களின் வீடுகளில் பழைய எக்ஸ்ரேக்கள் அலுமாரிகளுக்குமேல் தூசிபடிந்து கிடக்கும். அவற்றை எவரும் எறிந்துவிடக் கூடாது என்று ஊருக்கு எழுதும்போதெல்லாம் எழுதுகிறேன்.

என்னுடையதை உறையிலிட்டு, மேலே பெயரும் திகதியும் 'வலது' என்ற சொல்லும் எழுதி, சென்ற மாதம் ஊருக்குப் போன ஒருவரிடம் தங்கச்சிக்குக் கொடுத்தனுப்பினேன். கிடைத்ததாகச் சொன்னாள்.